காத்திருக்கும் லாரி, காத்திருக்கும் கப்பல்

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் துறைமுகம். கடலே இல்லாத ஊரில் துறைமுகத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். இங்கிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 370 கிலோமீட்டர். சென்னையும் கொச்சியும் அதைவிடப் பெரிதாகக் குறைந்த தூரமில்லை. ஆனால் இங்கே நம் லீ பஜாரில் இறங்கும் துவரையில் ஒரு பங்கு மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் கப்பலேறி வந்தது. நம் கடைகளில் விற்கும் பாமாயில் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பிழிந்தது. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரி எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி வருகிறது. நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. அதற்கும் கப்பல்தான் வழி. அப்படியானால் துறைமுகம் கடற்கரைக்காரர்களின் விவகாரம் மட்டும்தானா?

துறைமுகங்களைப் பற்றி இரண்டு சொற்கள் இன்று ஓயாமல் காதில் விழுகின்றன. ஒன்று பசுமை. மற்றொன்று டிஜிட்டல். பசுமைக்கு ஒரு திட்டம், ஒரு நிதி, ஒரு அதிகாரி; டிஜிட்டலுக்கு வேறொரு திட்டம், வேறொரு நிதி, வேறொரு அதிகாரி என்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே வேலைதான் என்பது என் வாதம். துறைமுகத்தில் எரியும் எண்ணெயில் பெரும்பகுதி வேலை செய்வதற்காக எரிகிறதா, காத்திருப்பதற்காக எரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். லாரி காத்திருக்கிறது, எஞ்சின் ஓடுகிறது. கப்பல் காத்திருக்கிறது, அதன் ஜெனரேட்டர் ஓடுகிறது. கிரேன் காத்திருக்கிறது, அதிலும் டீசல் எரிகிறது. இந்தக் காத்திருப்பைக் குறைக்கும் கணினிதான் பசுமைக் கணினி. அதைக் குறைக்காத கணினிக்கு எத்தனை கோடி செலவழித்தாலும் அது வரவேற்பறை அலங்காரம்தான்.

ஒரு முட்டைக் கன்டெய்னரை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் பகுதியிலிருந்து ஏற்றுமதிக்குப் போகும் முட்டை, பெட்டிக்கு 360 வீதம் அட்டைப்பெட்டியில் அடுக்கப்படுகிறது. நாற்பதடி ரீஃபர் (குளிர்பதன) கன்டெய்னரில் இப்படிச் சுமார் 1,300 பெட்டிகள் ஏறும். ஒரே பெட்டகத்துக்குள் நாலே முக்கால் லட்சத்தை ஒட்டிய முட்டைகள்! அத்தனைக்கும் குளிர் விடாமல் இருக்க வேண்டும். துறைமுகத்துக்குள் போய்விட்டால் பிளக்கில் சொருகி மின்சாரம் கொடுப்பார்கள். சாலையில் அந்த வசதி ஏது? ட்ரெய்லரோடு சேர்த்துப் பொருத்திய டீசல் ஜென்செட் ஓடித்தான் குளிரைக் காப்பாற்றுகிறது. நாமக்கல்லில் புறப்பட்ட வண்டி கரூர், திண்டுக்கல், மதுரை தாண்டித் தூத்துக்குடி போய்ச் சேரும்வரை இரண்டு எஞ்சின்கள் எரிகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சரக்கு நகர்கிறது. துறைமுக வாசலுக்குப் போன பிறகு என்ன ஆகிறது? முன்னால் வரிசை. ஒரு வண்டிக்கு உள்ளே நுழைவதற்கான ஃபார்ம் 13 இன்னும் கைக்கு வரவில்லை. இன்னொரு வண்டியின் ஷிப்பிங் பில்லில் ஒரு எண் தவறு. அவற்றுக்குப் பின்னால், எல்லாத் தாளையும் சரியாக வைத்திருக்கும் நம் முட்டை வண்டியும் நிற்கிறது. ஓட்டுநர் வண்டியை அணைத்தாலும் ஜென்செட்டை அணைக்க முடியாது. அங்குலம் அங்குலமாக வரிசை நகரும்போது வண்டியையும் அணைத்து வைக்க முடியாது. அந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் டீசல் உண்டு, புகை உண்டு. ஓட்டுநருக்கு உறக்கம் கெடுகிறது, உரிமையாளருக்கு ஒரு டிரிப் போகிறது, ஏற்றுமதியாளருக்குக் கப்பலின் கட்-ஆஃப் நேரம் தவறுமோ என்ற பதற்றம். அந்த ஒரே வரிசையில் எத்தனை பேரின் காசு கரைகிறது பாருங்கள்!

இனி கடல் பக்கம் வாருங்கள். கப்பலின் வேகம் கூடக்கூட அதற்குத் தேவைப்படும் எஞ்சின் சக்தி ஏறக்குறைய அந்த வேகத்தின் முப்படி விகிதத்தில் ஏறுகிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதே தூரத்தைக் கடக்க ஆகும் எரிபொருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். இது கப்பல் கட்டுபவர் எல்லோரும் அறிந்த பழைய கணக்கு. இருந்தும் பல கப்பல்கள் முழு வேகத்தில் ஓடிவந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கின்றன. ஏன்? பல துறைமுகங்களில் முதலில் வந்தவருக்கே முதலில் இடம். சரக்குக் கப்பல் ஒப்பந்தங்களும் அப்படியே எழுதப்பட்டிருக்கின்றன. வந்து சேர்ந்துவிட்டேன் என்று கப்பல் அறிவித்தால்தான் தாமதக் கட்டணக் கடிகாரம் ஓடத் தொடங்கும். மெதுவாக வருகிற கேப்டன் நல்லவராக இருக்கலாம், அவருடைய முதலாளிக்கு அது நஷ்டம். கப்பல் நிற்கும் தளம் எப்போது காலியாகும் என்பதைத் துறைமுகம் முன்கூட்டியே துல்லியமாகச் சொல்லி, அந்த நேரத்துக்கு வந்தால் போதும் என்று ஒப்பந்தமும் ஒத்துக்கொண்டால், கப்பல் நிதானமாக வரும். புது எரிபொருளும் வேண்டாம், புது எஞ்சினும் வேண்டாம், ஒரு நம்பகமான செய்தி போதும். உலகின் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய 3 சதவீதம் கப்பல்களிலிருந்து வருகிறது. 2050-ஐ ஒட்டி அதை நிகர பூஜ்யமாக்குவோம் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023-ல் தீர்மானித்தது. அந்த இலக்கை நோக்கி இன்றே, காசில்லாமல் எடுத்து வைக்கக்கூடிய அடி எது என்றால் இதுதான்.

செய்தி காத்திருப்பைக் குறைக்கும் என்பதற்குச் சான்று வேண்டுமா? லாரித் தொழில் தெரிந்த இந்தச் சபைக்கு அதை நான் விளக்க வேண்டியதே இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018-ல் இ-வே பில் வந்தது. 2021 பிப்ரவரியில் சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டாக் கட்டாயமானது. இவற்றின் மேல் உங்களுக்கு ஆயிரம் குறைகள் இருக்கும், நியாயமான குறைகளும் உண்டு. ஆனாலும் எல்லைச் சாவடியில் லாரிகள் இரவெல்லாம் கிடந்த அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று யாராவது கேட்பீர்களா? துறைமுகத்திலும் இதே வரிசையில் மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2017-ல் ஏற்றுமதியாளர் தம் ஆலையிலேயே மின்னணு சீல் வைத்து அனுப்பும் முறை வந்தது. 2018 டிசம்பரில் துறைமுகங்கள், ஏஜென்டுகள், கப்பல் நிறுவனங்கள், வங்கிகள் எல்லாவற்றையும் ஒரே கணினி மேடையில் சேர்க்கும் ஏற்பாட்டை இந்தியத் துறைமுகங்கள் சங்கம் தொடங்கியது. 2023-ல் அது தேசிய லாஜிஸ்டிக்ஸ் தளத்தின் கடல்சார் பிரிவாக வளர்ந்தது. கன்டெய்னரில் ஒட்டிய சிறு வில்லை, அது எந்தச் சாவடியைத் தாண்டியது என்பதைச் சொல்கிறது. பாதை போட்டாயிற்று. ஆனால் வாசலில் வரிசை இன்னும் இருக்கிறதே, ஏன்? ஒரு துறை கணினிக்கு மாறிவிடுகிறது, பக்கத்துத் துறை தாளையே கேட்கிறது. கணினியில் பதிந்ததை அச்செடுத்து, முத்திரை குத்தி, மறுபடியும் ஜன்னலில் நீட்டச் சொன்னால் அது இரட்டை வேலை. சங்கிலியின் நடுவே ஒரு கண்ணி தாளாக இருந்தாலும், வண்டி அந்தக் கண்ணியின் வேகத்தில்தான் நகரும்.

டிஜிட்டல் பக்கம் இப்படி. பசுமைப் பக்கத்தையும் பார்ப்போம். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் 1974-ல் நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றானது. பசுமை முயற்சியில் அது இன்று முன்னணியில் நிற்கிறது. காற்றாலை மின்சாரமும் சூரிய மின்சாரமும் அங்கே உற்பத்தியாகின்றன. காண்ட்லா, பாராதீப், தூத்துக்குடி ஆகிய மூன்றும் நாட்டின் பசுமை ஹைட்ரஜன் மையங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2025 செப்டம்பரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு முன்னோட்டப் பசுமை ஹைட்ரஜன் நிலையம் திறக்கப்பட்டது. மணிக்குப் பத்து கன மீட்டர் உற்பத்தி. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின் வாகன சார்ஜிங்குக்கும் அது போகிறது. டீசலில் ஓடும் இழுவைக் கப்பல்களைப் படிப்படியாக மாற்ற 2024-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் முதல் கட்டத்திலும் தூத்துக்குடி இருக்கிறது. இவை எல்லாவற்றையும் நான் மனமாரப் பாராட்டுகிறேன். முன்னோட்டம் இல்லாமல் எந்தத் தொழிலும் வளராது. ஆனால் அளவை மறந்துவிடக் கூடாது. தெருவிளக்கு எரிய வைக்கும் ஹைட்ரஜன் விழா மேடைக்கு வருகிறது. நெடுஞ்சாலையில் நிற்கும் ட்ரெய்லர் வரிசைக்கு எந்த விழாவும் இல்லை. இன்றைய தேதியில் எதைக் குறைத்தால் அதிகப் புகை குறையும் என்று கேட்டால், நான் அந்த வரிசையைத்தான் காட்டுவேன்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு மிகக் கடுமையானது, நேர்மையானதும்கூட. நிலக்கரியை இறக்கும் துறைமுகம் எப்படிப் பசுமைத் துறைமுகம் ஆகும் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2023 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட பசுமைத் துறைமுக வழிகாட்டுதல், கையாளும் ஒவ்வொரு டன் சரக்குக்கும் ஆகும் கார்பன் உமிழ்வை 2030-க்குள் 30 சதவீதமும் 2047-க்குள் 70 சதவீதமும் குறைக்கச் சொல்கிறது. டன்னுக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். டன்னுக்கு 30 சதவீதம் குறைத்துவிட்டு, சரக்கை இரண்டு மடங்காக்கினால் மொத்தப் புகை என்ன ஆகும்? நூறாக இருந்தது நூற்று நாற்பது ஆகும். சான்றிதழில் குறைவு, காற்றில் கூடுதல்! ஆகவே டன் கணக்கோடு மொத்தக் கணக்கையும் ஆண்டுதோறும் துறைமுகங்கள் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு வாசலுக்கு உள்ளே மட்டும் நின்றுவிடவும் கூடாது. வாசலுக்கு வெளியே நிற்கும் லாரியின் புகையும் துறைமுகத்தின் புகைதான்.

சென்னை இதற்குப் பாடம். நிலக்கரித் தூசியும் இரும்புத் தாதுத் தூசியும் வடசென்னை மக்களை வாட்டியதால், உயர் நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் அவற்றைக் கையாள்வது நின்றது. ராயபுரம் பக்கத்து மக்கள் மூச்சு விட்டார்கள். நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்குப் போனது. எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசுபவருக்கு நுரையீரல் இல்லையா? தூசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியதைப் பசுமை என்று எழுதிக்கொள்ள முடியாது. அதே எண்ணூருக்கு அருகே 2017 ஜனவரி 28 அதிகாலையில் இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் கரையெங்கும் தார்க்குழம்பாக ஒதுங்கியது. அதை எப்படி அள்ளினார்கள் தெரியுமா? பிளாஸ்டிக் வாளிகளால். வரிசையாக நின்று, கைக்குக் கை வாளியை மாற்றி, இளைஞர்களும் மீனவர்களும் அள்ளினார்கள். கப்பல்களின் நகர்வைத் திரையில் நொடிக்கு நொடி பார்க்கும் கருவிகள் இருந்த காலத்தில், துறைமுகத்தின் வாசலிலேயே நடந்த விபத்து அது. கருவி இருப்பது வேறு, கருவி சொல்வதை ஒருவர் கேட்டு நடப்பது வேறு. தூத்துக்குடியில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப் பாறைகளும் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடலில் இருக்கிறது. அந்தத் தீவுகளில் ஒன்றான வான் தீவு அரிப்பில் சுருங்கியதால் அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டி வந்தது. துறைமுகத்தை விரிவாக்கும் ஒவ்வொரு திட்டமும் அந்தக் கடலுக்கும் அதை நம்பிய மீனவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, எல்லாவற்றையும் கணினியில் வைத்தால் ஒரு நாள் மொத்தமாக நின்றுபோகாதா என்பது. நின்றுபோயிருக்கிறது! 2017 ஜூனில் உலகெங்கும் பரவிய ஒரு கணினித் தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கியது, மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையமும் நின்றது. 2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகம் இரண்டு நாளுக்கு மேல் கன்டெய்னரைத் தொட முடியாமல் கிடந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் சுமார் 30,000 கன்டெய்னர்கள் தேங்கின. இந்த அபாயம் உண்மை. அதற்காகத் தாளுக்குத் திரும்புவதா? கணினி நின்றால் அன்றைய வேலையைக் கையால் எப்படி நடத்துவது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பழகிப் பார்ப்பது, பிரதிகளைத் தனியே காப்பது, இவைதான் வழி. துறைமுகத்தில் தீயணைப்பு ஒத்திகை உண்டு. கணினி ஒத்திகை ஏன் கூடாது?

வேலைவாய்ப்பைப் பற்றிய மறுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கன்டெய்னர் இழுக்கின்றன. நமக்கு அது இன்று தேவை என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் மனித உழைப்பு சுமை அல்ல. ஆனால் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பாருங்கள். அங்கே கிரேன்களை அறைக்குள் உட்கார்ந்து இயக்குகிறார்கள். இயக்குபவர்களில் பெண்கள் இருக்கிறார்கள். உயரத்தில் வெயிலில் கூண்டுக்குள் அடைந்து கிடந்த வேலை, புதியவர்களுக்கும் கதவு திறக்கும் வேலையாக மாறியது. தொழில்நுட்பம் யாருக்குக் கதவு திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பதைத் தொழிலாளியோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம், முடிவு செய்ய வேண்டும்.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது கடைசி மறுப்பு. பெரிய ஏற்றுமதியாளருக்குக் கணினிப் பிரிவு இருக்கிறது, ஏஜென்ட் இருக்கிறார், சென்னையில் அலுவலகம் இருக்கிறது. ஒரே ஒரு ட்ரெய்லர் வைத்திருப்பவருக்கும், ஆண்டுக்கு நாலைந்து கன்டெய்னர் ஜவ்வரிசி அனுப்புபவருக்கும் யார் இருக்கிறார்கள்? இந்தத் திரைகள் ஆங்கிலத்தில் பேசுகின்றன. ஒரு எழுத்து தவறினால் வண்டி நிற்கிறது, ஹால்டிங் கட்டணம் கூடுகிறது, அந்தச் செலவு சிறியவன் தலையில் விழுகிறது. இந்தக் குறையை நான் மறுக்கப் போவதில்லை. இதைச் சரி செய்யாத டிஜிட்டல் திட்டம் அநீதியானது என்றே சொல்வேன். தூத்துக்குடித் துறைமுகம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது? 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது வ.உ.சி. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் என்று வைத்தார், மொத்தம் 40,000 பங்குகள். பெரும் பணக்காரர் நான்கு பேரிடம் முதல் திரட்டுவது சுலபமாக இருந்திருக்கும். கப்பலில் சிறு வணிகனுக்கும் பங்கு வேண்டும் என்று அவர் நினைத்தார். 1927-ல் இதே சேலத்தில் கூடிய அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி அவர் பேசிய பேச்சு ‘எனது அரசியல் பெருஞ்சொல்’ என்ற பெயரில் நூலாக வந்தது. அவர் பெயரைக் கொண்ட துறைமுகத்தில் வண்டிக்கான நேர முன்பதிவு தமிழில் இருக்க வேண்டாமா? ஓட்டுநர் கைப்பேசியில் குரலிலேயே கேட்டு, “உங்கள் முறை காலை ஆறு மணிக்கு, அதுவரை நிறுத்துமிடத்தில் இளைப்பாறுங்கள்” என்று பதில் பெற வேண்டாமா? அந்த நிறுத்துமிடத்தில் கழிப்பறையும் குளிக்கத் தண்ணீரும், ரீஃபருக்கு மின்சாரப் பிளக்கும் இருந்தால் முட்டை வண்டியின் ஜென்செட்டை அணைத்துவிடலாமே! முன்பதிவு, ஓய்வு, மின்சாரம், குறைந்த புகை எல்லாம் அந்த ஓரிடத்திலேயே கூடிவிடும்.

இந்த ஊருக்கென்று ஒரு வேலையும் இருக்கிறது. சேலம்–நாமக்கல்–கரூர் ரயில் பாதை 2013-ல் திறந்தது, இப்போது மின்மயமாகியும் விட்டது. திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை தண்டவாளம் தொடர்கிறது. இதே செவ்வாய்ப்பேட்டையில் சேலம் மார்க்கெட் ரயில் நிலையமும் அதன் கூட்ஸ் ஷெட்டும் இருக்கின்றன. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் இழுக்க ரயிலுக்கு ஆகும் சக்தி லாரிக்கு ஆவதில் சிறு பங்குதான். சரக்கு சேர்ந்தால் ரயில் வரும், ரயில் வந்தால்தான் சரக்கு சேரும் என்ற இழுபறியில் சிறு வணிகர்களின் சரக்கு சாலையிலேயே கிடக்கிறது. இந்த இழுபறியை அவிழ்க்கக் கணினியால் முடியும். இந்த வாரம் யாரிடம் எத்தனை கன்டெய்னர் இருக்கிறது என்று ஜவ்வரிசிக்காரர், முட்டைக்காரர், ஜவுளிக்காரர் எல்லோரும் ஒரே பலகையில் பதிந்தால், ஒரு ரயிலுக்கான சரக்கு சேர்ந்துவிட்டதா என்பது வாரத்தின் முதல் நாளே தெரிந்துவிடும்.

லாரி உரிமையாளர்களின் முகம் எனக்குத் தெரிகிறது. ரயிலைப் பேசினால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்ற கேள்வி அதில் இருக்கிறது. ஆலையிலிருந்தும் பண்ணையிலிருந்தும் கூட்ஸ் ஷெட் வரை சரக்கைச் சேர்க்க லாரியைத் தவிர வேறு வழியே கிடையாது. 370 கிலோமீட்டர் ஓடி, வாசலில் ஒரு நாள் கிடந்து, பல தடவை வெறும் வண்டியாகத் திரும்பும் ஒரு டிரிப்புக்குப் பதில், ஒரே நாளில் மூன்று நான்கு குறுந்தூர நடைகள் போகலாம். அந்தக் குறுந்தூர வாடகை கட்டுப்படியாகும்படி நிர்ணயிக்கப்பட்டால் மட்டுமே இது நியாயம். அந்த வாடகையைப் பேசி முடிக்கும் மேஜையில் ரயில்வேயும் துறைமுகமும் வணிகரும் உட்காரும்போது, லாரி உரிமையாளருக்கும் ஓட்டுநருக்கும் முதல் நாளிலிருந்தே நாற்காலி போட வேண்டும். வாசலில் வண்டிகள் சராசரியாக எத்தனை மணி நேரம் நிற்கின்றன என்ற கணக்கை மாதந்தோறும் தமிழில் வெளியிடுமாறு துறைமுகத்துக்கு எழுதும் முதல் கடிதம் இந்தச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து போகட்டும். அதில் வணிகரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓட்டுநரின் கையெழுத்தும் இருக்கட்டும்.